வில்லைக் கொடுத்தது யார்?

கேட்டவர் கோவையில் படிக்கிற மாணவர் என்று தெரிகிறது. ஊட்டிக்குச் சுற்றுலா வந்த இடத்தில் வண்டி ஓட்டுநர் ஒருவர், "அதோ தெரியுது பாருங்க தோடர் மந்து, அவங்க வீட்ல அண்ணன் தம்பி எல்லாருக்கும் சேர்ந்து ஒரே சம்சாரம்தான், பஞ்ச பாண்டவர் மாதிரி" என்று கதை சொல்லியிருக்கிறார். தோடர் என்பது நீலகிரியில் எருமை வளர்க்கிற பழங்குடி, மந்து என்பது அவர்கள் குடியிருப்பு. அது உண்மையா, இன்னும் நடக்கிறதா, பிறக்கிற பிள்ளைக்கு அப்பா யார் என்று எப்படித் தெரியும், சட்டம் இதைச் சும்மா விடுகிறதா என்று நாலு கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் சின்னது. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். மூன்றாவதுதான் உங்கள் மனசில் உண்மையில் உறுத்துவது என்று நினைக்கிறேன். அது நல்ல கேள்வி. ஆனால் "தெரியும்" என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் மானிடவியல் படித்தவன். அப்புறம் இருபத்திரண்டு வருடமாக நீலகிரியில் சுகாதாரத் திட்டங்களுக்காகக் குடும்ப மரம் வரைவதுதான் பிழைப்பு. கோத்தகிரி, கூடலூர், குந்தா என்று ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, உங்க அம்மாகூடப் பிறந்தவங்க எத்தனை பேர், யாரை எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தீங்க என்று கேட்டுக் கேட்டுக் கோடு போடுகிற வேலை. நான் தோடர் அல்ல, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த தமிழன். தோடர் பேச்சு எனக்குப் பாதிதான் காதில் ஏறும். கீழே வருவதில் பழைய ஆய்வாளர்கள் எழுதியதும், பெரியவர்கள் எனக்குத் தமிழில் சொன்னதும், நானே பார்த்ததும் கலந்திருக்கும். எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணப்பது தோடரிடம் ஒரு காலத்தில் இருந்தது, அதில் சந்தேகம் இல்லை. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901, 1902 வாக்கில் இங்கே தங்கி 72 குடும்பங்களின் வம்சாவளியை எழுதி 1906-ல் அச்சிட்டார். அண்ணன் கட்டிய பெண் தம்பிகளுக்கும் மனைவி என்பது அந்த அட்டவணைகளில் சர்வசாதாரணமாக வருகிறது. கலியாணத்தின்போது பிறந்தே இராத தம்பிகூடப் பின்னால் கணவனாகக் கணக்கில் சேர்வான். இப்போது நடக்கிறதா என்றால், இல்லை. இருபதாம் நூற்றாண்டு போகப் போக அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. இன்றைக்கு மந்துகளில் நீங்கள் பார்க்கும் இளம் குடும்பங்கள் உங்கள் வீட்டைப் போல ஒரு கணவன், ஒரு மனைவி, ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடுகிற இரண்டு பிள்ளைகள். ஓட்டுநர் சொன்னது அவருடைய தாத்தா காலத்துச் செய்தி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சுற்றுலாப் பயணிக்கு ருசியான கதை வேண்டியிருக்கிறது.

ஆனால் பாண்டவர் என்ற உவமை மட்டும் சரியில்லை, அதை விட்டுவிடுவது நல்லது. பாரதத்தில் திரௌபதிக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒன்று. இன்ன காலம் இன்னார் வீட்டில் இருக்க வேண்டும் என்று முறை வைத்து, பிள்ளை யாருடையது என்ற குழப்பமே வராமல் கதை கட்டியிருக்கிறார்கள். அதாவது அங்கே யாருடைய ரத்தம் என்பது முக்கியம். தோடரிடம் அந்தக் கணக்கே கிடையாது. அண்ணன் தம்பிகளில் யாரால் கரு உண்டாயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அப்பா இன்னார் என்பதில் துளி சந்தேகமும் இருக்காது. எப்படி என்றால், அப்பா யார் என்பது அங்கே கண்டுபிடிக்கிற விஷயம் அல்ல, செய்து முடிக்கிற விஷயம்.

கர்ப்பம் ஏழாம் மாதத்தை எட்டும்போது ஒரு சடங்கு. காட்டோரம் நாவல் இனத்து மரம் ஒன்றைத் தேர்ந்து, அடிமரத்தில் சின்ன மாடம் வெட்டி அதில் விளக்கு ஏற்றுவார்கள். கணவன் ஒரு செடியின் குச்சியை வளைத்து வில் செய்வான். கையகலம்தான் இருக்கும், விளையாட்டுச் சாமான் போல. புல்லின் தாள் ஒன்று அம்பு. மனைவி விளக்கின் முன் உட்கார்ந்திருப்பாள். அவன் வில்லையும் அம்பையும் நீட்டும்போது அவள், இந்த வில்லுக்குப் பெயர் என்ன என்று கேட்பாள். அவன் தன் குலத்து வில்லின் பெயரைச் சொல்வான். ஒவ்வொரு குலத்துக்கும் வில்லுக்குத் தனிப் பெயர் உண்டு. அவள் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி இருப்பாள். இவ்வளவுதான். அந்த வில்லைக் கொடுத்தவன்தான் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்பா. அதற்கு அப்புறம் அவளுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் அவன்தான் அப்பா, வேறொருவன் வந்து வில் கொடுக்கும் வரைக்கும்.

ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த அண்ணன் தம்பிகளில் பொதுவாக மூத்தவன் வில் கொடுப்பான். பின்னால் சண்டை வந்து தனித்தனியாகப் போனால் அடுத்தவன் தன் முறைக்குக் கொடுக்கலாம். அண்ணன் தம்பி அல்லாத இரண்டு பேர், இரண்டு வேறு மந்துக்காரர்கள், ஒரு பெண்ணை மணந்த சங்கதிகளும் ரிவர்ஸ் எழுத்தில் உண்டு. அப்போது முதல் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒருவன், அப்புறம் வில் கொடுத்து அடுத்தவன் என்று பேசிக்கொள்வார்கள். வில் கொடுத்தவன் செத்துப்போய், வேறு யாரும் வில் கொடுக்காமல், வருடங்கள் கழித்துப் பிள்ளை பிறந்தாலும் செத்தவனே அப்பா. வில்லே கொடுக்காமல் பிள்ளை பிறப்பதுதான் மானக்கேடு. உங்களுக்கும் எனக்கும் "கலியாணம் ஆகாமலா?" என்று வருகிற அதிர்ச்சி, அவர்களுக்கு "வில் கொடுக்காமலா?" என்று வரும்.

இந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது. அண்ணன் தம்பி விஷயம் போய்விட்டது, வில் போகவில்லை. சொந்தபந்தமெல்லாம் கூடி, கறுப்பும் சிவப்பும் பூவேலை செய்த பூத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு, கைகோத்து வட்டமாக ஆடிப் பாடி, சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். பார்ப்பதற்கு நம் கலியாணம் மாதிரிதான், மணமகள் ஏழு மாத வயிற்றோடு இருப்பாள், அது ஒன்றுதான் வித்தியாசம். முதல் தடவை என்னை அழைத்தபோது, கூட வந்த நர்ஸ் அக்கா என் காதில், "இது கலியாணமா வளைகாப்பா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். மொய் எழுதுகிற இடத்தை அவர் தேடியது தனிக்கதை.

சரி, எதற்காக இந்த ஏற்பாடு? அப்பா யாராக இருந்தால்தான் என்ன? இதற்குப் பதில் எருமையில் இருக்கிறது. தோடர் சொத்து நிலம் அல்ல, எருமை. அதுவும் வெறும் மாடு அல்ல, கோயில் எருமை, வீட்டு எருமை என்று தரம் தரமாகப் பிரிந்தது. அந்த மந்தை, அந்த மந்து, அந்தக் குலத்துக் கோயில் எல்லாம் அப்பா வழியில் இறங்கும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் குலம் என்பது ஊரறிய முடிவாகியே ஆக வேண்டும். வில்லுக்குப் பெயர் என்ன என்று அவள் கேட்பதற்கு அர்த்தம், என் பிள்ளை எந்தக் குலம் என்பதுதான். அண்ணன் தம்பிகள் ஒரே குலம், ஒரே மந்தை. அவர்களுக்குள் யார் என்று பிரிப்பதால் யாருக்கும் ஒரு கன்றுக்குட்டிகூடக் கூடப்போவதில்லை. அதனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை.

மலைக்கு மேற்கே இறங்கிப் பாருங்கள், கணக்கு வேறு. மலபார் நாயர் தறவாடுகளில், அதாவது கூட்டுக் குடும்பங்களில், சொத்து அம்மா வழியில் போனது. பிள்ளை அம்மாவின் தறவாட்டுக்குச் சொந்தம், குடும்பத்தை நடத்துகிறவர் அம்மாவின் அண்ணன், அதாவது மாமன். ஒரு பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சம்பந்தம், அதாவது கணவன் உறவு, இருந்த காலமும் உண்டு, ஆனால் அந்த ஆண்கள் அண்ணன் தம்பிகளாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை என்னுடையது என்று தகுந்த ஒருவன் ஒத்துக்கொண்டால் போதும், சொத்து விஷயத்தில் அவனுக்கு வேலை இல்லை. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் கேரளம் கூட்டுக் குடும்ப முறையையே கலைத்தது. வடக்கே இமாசலத்தில் சிர்மௌர் மாவட்டத்தில் 2025 ஜூலையில் அண்ணன் தம்பி இருவர் ஒரு பெண்ணை ஊர் பார்க்க மணந்தது செய்திகளில் ஓடியதே, அங்கே காரணம் நிலம். மலைச்சரிவில் கிடைக்கிற துண்டு நிலத்தைப் பங்கு போட்டால் ஒருவருக்கும் கஞ்சிக்கு ஆகாது. வெளியில் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத் தெரியும். உள்ளே போனால் நிலம், எருமை, தறவாடு என்று மூன்று வேறு கதை. "பழங்குடிகளிடம் இப்படித்தான்" என்று யாராவது ஒரே மூச்சில் சொன்னால் நம்பாதீர்கள். நாயர்கள் பழங்குடியும் அல்ல.

இதெல்லாம் உங்களுக்கு அந்நியமாகப் படுகிறதா? உங்கள் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாவின் அண்ணனை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? பெரியப்பா. தம்பியை? சித்தப்பா. இரண்டிலும் அப்பா இருக்கிறார். ஆனால் அம்மாவின் அண்ணன் ஒருநாளும் அப்பா ஆக மாட்டார், அவர் மாமா. பெரியப்பா பிள்ளைகள் அண்ணன், தங்கை. மாமா பிள்ளைகள் மச்சான், முறைப்பெண். ஒருபக்கம் பங்காளி, மறுபக்கம் கொண்டான் கொடுத்தான். இங்கிலீஷில் அங்கிள், கசின் என்று இரண்டே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடுகிறார்கள். நம் பேச்சு யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்பதைக் கூப்பிடுகிற பெயரிலேயே வைத்திருக்கிறது. மார்கன் என்ற அமெரிக்க வக்கீல் உலகம் பூராவும் இருந்து உறவுச் சொற்களைத் திரட்டி 1871-ல் வெளியிட்டபோது, நியூயார்க் பக்கத்துச் செனெக்கா செவ்விந்தியர் சொற்களும் தமிழ்ச் சொற்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் இருப்பதைக் கண்டு அசந்துபோனார். அதை வைத்து அவர் செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இது சாட்சி என்றார். அந்த வாதம் நிற்கவில்லை. தூரத்து உறவுகளுக்குப் போகப் போக இரண்டு முறையும் பிரிந்துவிடுகின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள்.

தோடர் உறவு முறையும் இதே வீட்டைச் சேர்ந்ததுதான். மாமனுக்கும் மாமனாருக்கும் அவர்களிடம் ஒரே சொல், அத்தைக்கும் மாமியாருக்கும் ஒரே சொல். மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் "மச்சுனி" என்று ரிவர்ஸ் காதில் விழுந்திருக்கிறது. கட்டிக்கொள்ள உகந்த முறை அதுதான். மச்சினன், மச்சினி என்று வாய் நிறையக் கூப்பிடுகிற நமக்கு இதற்கு அகராதி தேவையில்லை. தோடர் கிரேக்கர் வழி வந்தவர்கள், சுமேரியர்கள், இஸ்ரேலில் இருந்து காணாமல் போன கூட்டம் என்றெல்லாம் இணையத்தில் ஓடுகிறதே, அதைத் தூரப் போடுங்கள். அவர்கள் மொழி தென்திராவிட மொழி, உறவுமுறை திராவிட உறவுமுறை. பெரியப்பா சித்தப்பா எல்லாரும் அப்பாமார்கள் என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் ஒரு படி மேலே போய் வீட்டிலும் நடத்தினார்கள் என்று எனக்குத் தோன்றும். இது என் அபிப்பிராயம். உறவுச்சொல் இப்படி இருந்தாலே பழக்கமும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படியென்றால் தமிழ்நாடே மந்தாகியிருக்கும்.

குடும்ப மரம் வரைகிறவனாக ஒன்று சொல்ல வேண்டும். ரிவர்ஸுக்கு வேலை லேசாக இருக்கவில்லை, ஏனென்றால் தோடர் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டின் முன்னோர் பெயர்களை வேறு வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டுத்தான் அவர் எழுதினார். நூறு வருடம் கழித்து நானும் அதையே செய்தேன், அவரைப் படித்ததனால் அல்ல, வேறு வழி இல்லாததனால். ஒரு பாட்டியிடம் அவர் மாமனார் பெயரைக் கேட்டால் மௌனம். பக்கத்தில் தேயிலை பறித்துவிட்டு வந்து நின்ற வேறொரு மந்துப் பெண், "நான் சொல்றேன், நீங்க அந்தப் பக்கம் வாங்க" என்று வேலிக்கு அப்பால் கூட்டிப்போய்ச் சொன்னாள். திரும்பி வந்தபோது பாட்டி, சரியாச் சொன்னாளா என்று மட்டும் கேட்டார். என் அம்மாச்சி ரேஷன் கடையில் தாத்தா பெயரைச் சொல்லாமல் என்னை முன்னால் தள்ளிவிட்டது நினைவுக்கு வந்தது.

அத்தனை கவனமாக இருந்த ரிவர்ஸுக்கே ஒரு பெரிய விஷயம் முழுசாகப் பிடிபடவில்லை. தோடருக்கு அப்பா வழிக் குலம் ஒன்று, அம்மா வழிக் குலம் வேறொன்று. இரண்டுக்குள்ளும் கட்டக் கூடாது. அம்மா வழிக் குலத்தை முப்பது வருடம் கழித்து, 1930-களில் வந்த எமனோ என்ற மொழியறிஞர்தான் தெளிவாக எழுதினார். அவர் வந்தது மொழி கற்க. பாட்டுகளையும் பேச்சையும் எழுதும்போது இது தட்டுப்பட்டது. போதாததற்கு, சமூகமே இரண்டு பிரிவு. பழைய நூல்கள் தார்த்தாரோள், தெய்வளியோள் என்று எழுதும். ஒரு பிரிவார் மறுபிரிவில் பெண் எடுப்பதில்லை. மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் உள்ள சமூகத்தில் இத்தனை வேலிகளுக்கு நடுவே பொருத்தமான பெண் தேடுவது எவ்வளவு பாடு என்று யோசியுங்கள். அதனால் முன்பு தொட்டிலிலேயே பேசி முடித்தார்கள். பெரியவர்கள் ஆனபின் பிடிக்காமல் போனாலும் வழி இருந்தது. ஒருவன் இன்னொருவன் மனைவியைக் கொண்டுபோனால் எருமைகள் கொடுத்து ஈடு கட்ட வேண்டும், பஞ்சாயத்தில் பேசுகிற கணக்கு அது.

ஏன் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு மனைவி என்ற வழக்கம் வந்தது என்பதில்தான் எனக்கு உறுதி இல்லை, யாருக்கும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் எடுத்த கணக்குகளில் ஆண்கள் கூட, பெண்கள் குறைவு. பெண் சிசுக்களைக் கொன்ற வழக்கம் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதனால் பெண் பற்றாக்குறை, அதனால் பங்கு என்று ஒரு வாதம். பெண் குறைவாகத் தேவைப்பட்டதால்தான் சிசுக்கொலையே வந்தது என்று தலைகீழாகவும் வாதாடலாம். எது முந்தி என்று சொல்லும் சாட்சியம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் ரிவர்ஸ் கண்ணால் பார்த்து எழுதினார்: சிசுக்கொலை குறைந்து பெண்கள் எண்ணிக்கை ஏறியபோது, அண்ணன் தம்பிகள் உடனே ஆளுக்கொரு மனைவி என்று பிரியவில்லை, சேர்ந்தே இரண்டு மனைவிகளை வைத்துக்கொண்டார்கள். வழக்கத்துக்கு எண்ணிக்கை மட்டும் காரணம் அல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. இதைப் பற்றி மந்துகளில் பேசும்போது ஜாக்கிரதை. சிசுக்கொலை பேச்சை வெளியூர்க்காரர் எடுத்தால் அவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும், உசிலம்பட்டிப் பக்கம் போய் நீங்கள் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

மற்ற மலை மக்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஓட்டுநர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால் இரண்டு வரி. படுகர்களிடம் இந்த வழக்கம் இல்லை. அவர்கள் ஹட்டிகள் பெரும்பாலும் ஒரே குலத்து அண்ணன் தம்பிகள் ஊர், அதனால் பெண் வெளி ஹட்டியிலிருந்துதான் வர வேண்டும். கலியாணம் மாப்பிள்ளை வீட்டில், வரதட்சணை கேட்பது அவர்கள் மரபில் இல்லை. புதுப்பெண் வந்ததும் நீர் எடுத்து வருவது ஒரு முக்கியமான சடங்கு. அவர்களிடமும் பழைய முறையில் கர்ப்பத்தின் ஏழாம் மாதம் கணவன் மனைவி கழுத்தில் நூல் கட்டுவான், அதன் பிறகுதான் கலியாணம் கெட்டிப்பட்டதாகக் கணக்கு. நம் சீமந்தமும் ஏழாம் மாதம்தான். மூன்றுக்கும் ஒரே வேர் என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏழாம் மாதத்தில்தான் கரு நிலைத்துவிட்டது என்று எந்த ஊர்ப் பாட்டிக்கும் தெரியும், அதற்கு வேர் தேட வேண்டியதில்லை. கோத்தர் ஏழு ஊர்க்காரர்கள். ஒவ்வொரு ஊரிலும் கேரி என்று தெருக்கள், சொந்தக் கேரிக்குள் கட்ட மாட்டார்கள். அவர்களிடம் மனைவி ஒருவனுக்கே மனைவி, ஆனால் அவன் சகோதரர்களுக்கும் ஓரளவு உரிமை இருந்தது என்று 1930-களில் மேண்டல்பாம் என்ற ஆய்வாளர் எழுதினார். இன்றைய கோத்தரிடம் போய் அதைக் கேட்காதீர்கள்.

இனி என் தொழிலில் இது எங்கே இடித்தது என்று சொல்கிறேன். கல்லூரியில் ஆணுக்கு முக்கோணம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிப் படத்தில் ஆணுக்குச் சதுரம். வடிவம் மட்டும் அல்ல, கேள்வியும் வேறு. அரிவாள் செல் ரத்தசோகை இந்த மலையில் இருளர், பணியர், குறும்பர்களிடம் உண்டு. இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானதே 1952-ல் நீலகிரி மக்களிடம் என்று சொல்லலாம், அதே வருடம் அசாம் தேயிலைத் தொழிலாளரிடமும் கண்டார்கள். அம்மாவும் அப்பாவும் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இங்கே எனக்கு வேண்டியது ரத்தத்து அப்பா, சடங்கு அப்பா அல்ல. அதனால் என் நோட்டில் சடங்கு அப்பாவுக்குக் கெட்டிக் கோடு, ரத்தத்து அப்பாவுக்குப் புள்ளிக் கோடு என்று இரண்டு வகை. புள்ளிக் கோட்டை யாருக்கும் காட்டியதில்லை. அத்தை மகளைக் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று பயமுறுத்துகிறவர்களையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து கூடுகிறது, அது நிஜம். ஆனால் பொதுவாக இருக்கிற ஆபத்தின் மேல் இரண்டு மூன்று சதவீதம்தான் கூடுகிறது. அக்காள் மகளைக் கட்டினால் அதைவிட அதிகம், ரத்தப் பங்கு இரண்டு மடங்கு. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் தெரிந்திருந்தால் பேச்சு வேறு, முதலில் ரத்தப் பரிசோதனை.

ஒருமுறை சாதிச் சான்றிதழுக்கு அலைந்த தோடர் பையன் ஒருவனோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவன் தாத்தா பெயர் நிலப் பத்திரத்தில் ஒன்று, அப்பாவின் பள்ளிச் சான்றில் வேறொன்று. எழுத்தர் காகிதத்தைத் தட்டி, "எதாவது ஒண்ணு பொய், எதுன்னு சொல்லு" என்றார். இரண்டும் பொய் இல்லை. பத்திரத்தில் இருந்தது வில் கொடுத்த மூத்தவர். பள்ளியில் சேர்த்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் இளையவர், வாத்தியார் அவர் பெயரை எழுதிக்கொண்டார். இதை விளக்க முழுசாக ஒரு மதியம் போயிற்று. விளக்கி முடித்ததும் எழுத்தர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார், பையன் முகம் தொங்கிப்போனது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்து "இருவரும் ஒருவரே" என்று முடித்திருந்தால் பத்து நிமிஷ வேலை. அடுத்த தடவை அப்படித்தான் செய்தேன்.

சட்டத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், இரண்டாம் பிரிவிலேயே, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய அட்டவணைப் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருகிறவர்கள். அவர்களுக்கு அவர்கள் வழக்கமே சட்டம். நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கம் இது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். படுகர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அதனால் அந்தச் சட்டம் அவர்களுக்கு உண்டு. கிறிஸ்தவரான தோடருக்குக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். நம் மாமன் மகள், அக்காள் மகள் கலியாணங்களும் இந்துச் சட்டத்தில் "வழக்கம் இருந்தால்" என்ற ஒரு சொற்றொடரின் தயவில்தான் செல்லுபடியாகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. ரத்தம்தான் அப்பா, மற்றதெல்லாம் காட்டு வழக்கம் என்று நினைக்கிறவர்கள் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே வந்திருக்கிறது. செல்லுபடியாகும் திருமணம் நீடிக்கும்போது பிள்ளை பிறந்தால், கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தாலொழிய, அது அந்தக் கணவனின் பிள்ளைதான். திருமணம் முடிந்துபோன பிறகும் அவள் மறுமணம் செய்யாத வரை 280 நாளுக்குள் பிறந்தால் அதே கணக்கு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதி செய்து, மரபணுப் பரிசோதனைக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. நம் சட்டத்திலும் தாலி கட்டியவர்தான் அப்பா, மாடத்து விளக்கு மட்டும் இல்லை.

மந்துக்குப் போய் நேரில் கேட்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எருமையைப் பற்றிக் கேளுங்கள், பூவேலையைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்காகப் பேசுவார்கள். இதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் செத்தவன் அப்பாவாகும் விஷயத்தைச் சொன்ன பெரியவர், நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, "ஏன், உங்க ஊர்ல புருஷன் செத்த பிறகு பிள்ளை பிறந்தா அப்பன் யாரு?" என்று கேட்டார். செத்தவர்தான் என்றேன். "எவ்வளவு காலம் வரைக்கும்?" என்றார். எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது, இருநூற்றெண்பது நாள் என்றேன். கன்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிறை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாள் எண்ணுவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், உள்ளே போய் வீட்டுக்காரம்மாவிடமும் அதைச் சொல்லி, அந்தம்மாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது.